ஒரு மாதிரியான பலகை

பலகை மாட்டிய அன்று காலை, உரும்பிராயில் கஜானி வீட்டு வாசற்படலையடியில் நின்றவர்கள்: கஜானி, அவளுடைய தாய் மலரக்கா, ஏணியின் உச்சியில் இர்ஷாத், ஏணியைப் பிடித்தபடி எங்கள் வகுப்புப் பெடியன்கள் இரண்டு பேர், தேங்காய் உடைப்பதற்காகக் கூப்பிடப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர். நிற்காதவன் ஒரே ஒருவன். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவன் அவன்தான். அந்த நேரம் நான் வவுனியாவில், கழுத்துப்பட்டி இறுக, ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு ஒன்றில் இருந்தேன். உங்கள் கற்பித்தலில் நீங்கள் பெருமைப்படும் விடயம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். "என்னிடம் படிக்கும் பிள்ளைகள் விதிகளைத் தாங்களாகவே பிரயோகிப்பார்கள்" என்றேன். அதே நேரம் உரும்பிராயில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வருகிற திங்கட்கிழமை முதல், மருதனார்மடச் சந்தியில் ஆங்கில வகுப்பு நடக்கும் கடையின் மேல்மாடியில், என் இடத்தில் புதிய ஆசிரியர்களாக நீங்கள் இருவரும் நிற்கப் போகிறீர்கள். அந்த நேர்முகத் தேர்வின் நியமனம் எனக்கு இப்போதுதான் கிடைத்தது. இந்த வகுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இருபத்தெட்டு வயதில் என்ன ஓய்வு என்று சிரிக்க வேண்டாம். கீழே மரக்கறிச் சந்தை, எதிரே பஸ் நடத்துநர்களின் கூவல், சனிக்கிழமை என்றால் ஆஞ்சநேயர் கோயில் ஒலிபெருக்கி. இவ்வளவுக்கும் மேலாக நின்று இறந்தகாலம், நிகழ்காலம் என்று கத்திப் பாருங்கள். தொண்டைக்கு மட்டும் அறுபது வயது ஆகிவிடும்.

எந்த சுவிட்சைத் தட்டினால் எந்த விசிறி சுற்றும் என்பதைப் பிள்ளைகளே சொல்லித் தருவார்கள். நான் எழுதுவது, விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு வியர்க்கப் போகிற நேரங்களைப் பற்றி.

நம்மிடம் வருகிறவர்கள் ஏ.எல். பரீட்சை எழுதி, நல்ல பெறுபேறும் எடுத்து, பல்கலைக்கழகம், எங்கள் வாயில் கம்பஸ், எப்போது கூப்பிடும் என்று காத்திருப்பவர்கள். பள்ளிக்காலம் முழுவதும் தமிழில் படித்தவர்கள். கம்பஸில் முதல் நாளே விரிவுரை ஆங்கிலத்தில் வந்து முகத்தில் அடிக்கும். அந்த அடி விழுவதற்குள் கொஞ்சம் சொல் சேர்த்துக் கொடுப்பதுதான் நமது தொழில்.

சொல் சேர்ப்பது என்றால் என்ன என்பதை நான் முதலில் பிழையாகத்தான் விளங்கி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வட்டுக்கோட்டையில் பிறருடைய தோட்டங்களில் நீர் பாய்ச்சியவர். ஆங்கிலம் எங்களுக்கு, பழைய கல்லூரியின் மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற ஒரு காரியம். நான் கம்பஸுக்குக் காத்திருந்த காலத்தில் எனக்கு வகுப்புக் கிடைக்கவில்லை. அகராதி ஒன்று கிடைத்தது. ஏ எழுத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். கம்பஸ் கூப்பிட்டபோது சி எழுத்தின் நடுவில் நின்றேன். மடாதிபதிக்கும் பாதாளத்துக்கும் கள்ளிச்செடிக்கும் எனக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. மலசலகூடம் எங்கே என்று கேட்கத் தெரியவில்லை. 'எங்கே' என்பது டபிள்யூவில் இருக்கிறது, 'மலசலகூடம்' ரொய்லெட் என்று ரியில் இருக்கிறது. இரண்டுக்கும் நான் இன்னும் போய்ச் சேரவில்லை. அன்று பட்ட அவசரத்தில்தான், தேவை எந்த நாளும் அகரவரிசையில் வருவதில்லை என்று கண்டுகொண்டேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கும். தமிழ் மாதிரிக் கேட்காத சொல் எல்லாம் ஆங்கிலம் என்று நினைப்பார்கள். "புத்தகத்தை மேசை லாச்சியில் வைத்தேன்" என்பதை இர்ஷாத் ஆங்கிலத்தில் சொன்னபோது எல்லாம் சரியாக வந்து, லாச்சி, அதாவது இழுப்பறை, மட்டும் லாச்சியாகவே நின்றது. இர்ஷாத், குடும்பம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் புத்தளத்தில் பிறந்து, பிறகு அவர்களோடு யாழ்ப்பாண ரவுனுக்குத் திரும்பி வந்தவன். எந்த ஊர்த் தமிழும் கதைப்பான். வாய் மட்டும் எந்த ஊரிலும் மூடாது.

"லாச்சி இங்கிலீஷ் இல்லையோ சேர்?"

"இல்லை. ஒல்லாந்துக்காரன்ரை."

"கதிரை?"

"போர்த்துக்கீசு."

"குசினி? சப்பாத்து?"

"ரெண்டும் போர்த்துக்கீசுதான்."

"அப்ப இங்கிலீஷ்காரன் இஞ்சை என்னத்தைத்தான் சேர் விட்டிட்டுப் போனவன்?"

"ரியூசன்" என்றேன்.

இர்ஷாத்துக்கு நேர்மாறு கஜானி. உரும்பிராய்த் தோட்டக்காரக் குடும்பம். எழுதச் சொன்னால் எழுதுவாள்; வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்கு ஒரு கேள்வி வந்தால் முன் வாங்கில் இருக்கிற இர்ஷாத்தின் முதுகைப் பேனையால் குத்துவாள். அவன் திரும்பிக் காது கொடுத்துவிட்டு எழும்பி நிற்பான்.

"சேர், கஜானி கேக்கிறாள், இதுக்கும் அதுக்கும் இங்கிலீஷ் இருக்கு, உதுக்கு என்ன எண்டு."

"அவங்களிட்டை உது இல்லை."

மறுபடி ஒரு குத்து.

"அப்ப முன்னாலை நிக்கிற ஆளின்ரை கையிலை கிடக்கிறதை அவங்கள் என்னெண்டு காட்டுவாங்கள் எண்டு கேக்கிறாள் சேர்."

விரலால் காட்டுவார்கள் என்று சொல்லித் தப்பினேன். இப்படிக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை தன் குரலில் ஒரு வசனம் ஆங்கிலத்தில் கதைத்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். உங்களுக்கும் இருப்பார்.

தெற்கே ஒரு கம்பஸில் கஜானிக்கு முகாமைத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தது, முழுக்க ஆங்கிலத்தில். இடத்தை ஏற்றுக்கொள்வதாகப் பதிவு செய்ய வேண்டிய கடைசி வாரத்தில் மலரக்கா படியேறி வகுப்புக்கு வந்தார்.

"தம்பி, இவள் போகமாட்டாளாம். இஞ்சை ஏதோ டிப்ளோமா செய்யப் போறாளாம்."

"ஏனக்கா?"

"அங்கை தனக்காண்டி எழும்பிக் கேக்க உவன் இர்ஷாத் வரமாட்டானாம். விசர்க் கதை. நான் அந்த ரெண்டு றூமையும் ஆருக்காண்டி வெள்ளையடிச்சு வைச்சிருக்கிறன்?"

விடயம் இதுதான். மூத்த மகன் வெளிநாடு போனபின் சும்மா கிடந்த இரண்டு அறைகளை, வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட மலரக்கா தீர்மானித்திருந்தார். வருகிற காசு கஜானியின் விடுதிச் செலவுக்கு. முதல் ஆட்களும் பிடிபட்டு விட்டார்கள். தாய்வழி உரும்பிராயான ஒரு கனடாக் குடும்பம், இரண்டு அறையும் வேண்டும், மூன்று இரவு, ஒரு அறைக்கு இரவுக்கு ஆறாயிரம் ரூபா. படலையில் ஒரு ஆங்கிலப் பலகை வேண்டுமே. கதைக்கத்தான் பயம், எழுதலாமே என்று கஜானியிடமே அந்த வேலையைக் கொடுத்தோம். "உன்ரை சொல்லிலை எழுது. என்னட்டைக் காட்டத் தேவையில்லை" என்றேன். தன்னம்பிக்கை வளர்ப்பது எப்படி என்று எங்கோ வாசித்திருந்தேன்.

அந்த வாரம் வகுப்பில் நடந்த பாடத்தையும் சொல்ல வேண்டும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வை என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் பண்புச்சொல் கிடைக்கும். ரெயின் என்றால் மழை, ரெயினி என்றால் மழையான. டஸ்ட் என்றால் தூசி, டஸ்டி என்றால் தூசியான. சோல்ட் என்றால் உப்பு, சோல்டி என்றால் உப்பான. பிள்ளைகளுக்கு விசர் பிடித்துவிட்டது. ஒரு எழுத்துக்கு இவ்வளவு சொல்லா! மலிவு விற்பனை மாதிரி அள்ளினார்கள். சில சொற்களில் இந்த வை பொருளையே புரட்டிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே தக்காளி லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. மிச்சம் அடுத்த வகுப்பில் என்று விட்டுவிட்டேன்.

வவுனியாவிலிருந்து நேரே உரும்பிராய்க்குத்தான் போனேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஒழுங்கையின் தொடக்கத்திலேயே இர்ஷாத் காத்து நின்றான்.

"சேர், உங்கடை வை வேலை செய்யுது!"

படலைக்கு மேலே நீலப் பலகை, வெள்ளை எழுத்து. எழுத்து என்றால் எழுத்து, அச்சுக்குக் கொடுத்த மாதிரி. சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். நான் மேலிருந்து கீழாக வாசித்தேன்.

ஷேடி றூம்ஸ்.
ஏயரி றூம்ஸ்.
ஃபிஷி மீல்ஸ், எக்செப்ட் ஃபிரைடே.

அவள் நினைத்தது எல்லாம் சரி. ஷேட் என்றால் நிழல். வளவு நிறைய மா, பலா, வேம்பு. அறைகள் மத்தியானத்திலும் குளிரும். எயார் என்றால் காற்று. ஏயரி என்றால் காற்றோட்டமான. அந்தச் சொல் சரியாகவே விழுந்திருந்தது. மீன் கறியோடு சாப்பாடு, வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி. வை போட்டாள், பண்புச்சொல் வந்தது.

எங்கள் தமிழிலேயே பாருங்கள். மாதிரி என்ற சொல்லில் ஒரு குற்றமும் இல்லை. மாதிரி வீடு என்றால் போய்ப் பார்ப்போம். ஒரு மாதிரியான வீடு என்றால் அந்தப் பக்கம் பார்க்காமல் போவோம். நடுவில் வந்தது ஒரேயொரு 'ஒரு'. ஆங்கிலத்தில் அந்த 'ஒரு'வின் வேலையைச் சில இடங்களில் வை செய்யும். அறை வாடகைக்கு என்கிற இடத்தில் ஷேடி என்று எழுதினால் நிழல் ஓடிவிடும். ஒரு மாதிரியான என்பதுதான் மிஞ்சும். ஃபிஷி என்றால் மீன் நாற்றம் மட்டுமல்ல, ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று பொருள். ஆக, வெளிநாட்டுக்காரன் ஒருவன் படலையில் நின்று வாசித்தால் அவனுக்குக் கிடைப்பது இதுதான்: ஒரு மாதிரியான அறைகள். காற்றோட்டமான அறைகள். சந்தேகத்துக்கிடமான சாப்பாடு. வெள்ளிக்கிழமை மட்டும் சந்தேகம் இல்லை.

"எப்பிடித் தம்பி?" என்று மலரக்கா பாயாசத்தை நீட்டினார். கஜானி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஏணி பிடித்த பெடியன்களும் பார்த்தார்கள்.

பாயாசத்தை வாயில் வைத்தால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வாய்க்குள் யோசித்தேன். வடிவாயிருக்கு என்று சொல்லிவிட்டு இருட்டியபின் வந்து கழற்றலாம். அல்லது எல்லாருக்கும் முன்னால் உடைத்துச் சொல்லலாம். கழற்றினால் அவளுக்கு எப்படியும் தெரியவரும். சேர் என்னிடம் மறைத்தவர் என்றும் சேர்த்துத் தெரியவரும். உடைத்தால், தேங்காய் உடைத்த ஆளுக்குத் தெரிந்தது உரும்பிராய்க்கே தெரிந்தது. இரண்டிலும் பதிவு செய்யாமல் வீட்டில் நிற்பதற்கு அவளுக்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கும்.

"எழுத்து வடிவு. கஜானி, இஞ்சை ஒருக்கா வாரும்" என்று மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உள்ளதைச் சொன்னேன். மாதிரி, ஒரு மாதிரி என்ற உதாரணத்தையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்து, கண் துடைக்க லேஞ்சியைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கினாள்.

"சன்னி எண்டால் என்ன சேர்?"

"அது நல்ல சொல்லு. வெயிலான. சந்தோசமான எண்டும் வரும்."

"அப்ப வெயில் நல்லம், நிழல் கூடாதோ?"

"அந்தச் சொல்லிலை அப்பிடித்தான்."

"ஏன் சேர்?"

"அது... அவங்கடை வழக்கம்."

"அவங்கடை ஊரிலை வெயில் இல்லை. அதாலை வெயிலைக் கண்டவுடனை சந்தோசம். நிழலுக்குள்ளை நிக்கிறவன் கள்ளன். எங்கடை சித்திரை மத்தியானத்திலை ஒருக்கா அவங்களைக் கொண்டுவந்து உந்த ரோட்டிலை விடுங்கோ சேர். பேந்து கேளுங்கோ எது நல்ல சொல்லு எண்டு."

அவள் என்னோடு இவ்வளவு நீளத்துக்குக் கதைத்தது அதுவே முதல் தரம். நடுவில் இர்ஷாத்தின் முதுகும் இருக்கவில்லை. ஆனால் கதைத்தது தமிழில்.

"உதை இங்கிலீஷிலை சொல்லும்" என்றேன்.

அவளுடைய கண் இர்ஷாத்தின் முதுகைத் தேடியது.

அந்த நேரம் மலரக்கா போனைப் பிடித்தபடி ஓடி வந்தார். "தம்பி, கனடாப் பெடியன். கொழும்பிலை வந்து நிக்கினமாம், நாளைக்கு இஞ்சை வாறவை. இங்கிலீஷிலை ஏதோ கோவமாக் கதைக்கிறான். எனக்கு விளங்கினது போர்ட் எண்டதும் நோ எண்டதும்தான்."

இர்ஷாத் ஏணியில் நின்றபோதே பலகையைப் படம் பிடித்து முகநூலில் போட்டிருக்கிறான், எங்கள் வகுப்பின் படைப்பு என்று. உரும்பிராய் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் பார்ப்பது உரும்பிராய்ப் படம். பத்து மணிக்குப் போட்டது பின்னேரத்துக்குள் கனடாவைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்துவிட்டது. கனடாத் தம்பிக்குத் தமிழில் 'சாப்பிட்டியா' மட்டும் தெரியும். மனைவிக்கு அதுவும் தெரியாது.

"நீங்கள் கதையுங்கோ தம்பி" என்று மலரக்கா போனை என்னிடம் நீட்டினார். "ஓம் சேர், நீங்கள்" என்றான் இர்ஷாத். கஜானியின் கண்ணும் நீங்கள் என்றுதான் சொன்னது.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்தத் தொழிலில் உங்களிடம் நீட்டப்படாத போன் கிடையாது. பிள்ளையின் தாய் நீட்டுவார், கிராம அலுவலர் நீட்டுவார், வங்கியில் படிவத்தை நீட்டுவார்கள். வாங்கிக் கதைத்தால் நிமிடத்தில் காரியம் முடியும். எல்லாரும் உங்களைக் கும்பிடுவார்கள். உங்களுடைய ஆங்கிலம் நன்றாக வளரும். உங்களுடையது ஏற்கெனவே வளர்ந்ததுதான்.

என் கை பாதி தூரம் போனது உண்மை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். இப்போதுதான் என்னோடு சண்டை பிடித்தவள். அந்தச் சூடு இன்னும் கன்னத்தில் இருந்தது. இது ஆறினால் மறுபடி எப்போது ஏறும்? கம்பஸ் பதிவுக்கோ அந்த வாரம்தான். கையை மடக்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

"பலகை எழுதினது ஆர்?" என்றேன்.

"சேர்!"

"எழுதின ஆள் கதைக்கட்டும். எனக்கு இப்பச் சொன்னதைச் சொல்லும்."

"எனக்குச் சொல்லு வராது."

"வாற சொல்லைச் சொல்லும்."

மலரக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை. கஜானி போனை வாங்கினாள். வாங்கும்போது விரல் பட்டு ஸ்பீக்கர் திறந்துகொள்ள, மறுமுனைக் குரல் மாமரத்தடி முழுக்கக் கேட்டது. அவர் பொழிந்து தள்ளினார்.

"ஸ்லோ" என்றாள் அவள். "பிளீஸ். ஸ்லோ."

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தன் மனைவி பலகையைப் பார்த்துவிட்டாள். இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான அம்மா. இது என்ன இடம்? யாரோ பகிடிக்கு எழுதினார்களா?

"நோ பகிடி" என்றாள் கஜானி. "நோ... நோ ஜோக். ஐ றைட்."

பிறகு மாமரத்தடியில் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னாள். அவள் சொன்ன ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் இப்படி வரும்: "உங்கள் நாடு குளிர். உங்களுக்கு வெயில் நல்லம். எங்கள் நாடு வெயில். எங்களுக்கு நிழல் நல்லம். எங்கள் வீடு மரம், மரம், மரம். ஆகவே நிழல். ஆகவே நல்ல வீடு." மருந்துக்கும் ஒரு வினைச்சொல் இல்லை. என் நாக்கு வாய்க்குள் துடித்தது. பையில் கிடந்த விரலால் காற்சட்டைத் துணியைக் கிள்ளிக்கொண்டு நின்றேன்.

அப்படியானால் சாப்பாடு எப்படி என்று அவர் கேட்டார்.

"ஃபிஷ் குட்" என்றாள். "வை றோங்."

"வை றோங்?" என்றார் அவர். ஏன் பிழை என்று கேட்கிறார்.

"யெஸ். வை றோங்."

"ஐம் ஆஸ்கிங் யு, வை?"

"யெஸ், யெஸ்! வை!"

"வை வொட்?"

இர்ஷாத் தன் சேர்ட்டின் கழுத்துப் பட்டையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டான். கஜானி என்னைப் பார்த்தாள். நான் மாம்பிஞ்சுகளைப் பார்த்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

"எக்ஸ், வை, ஸெட்!" என்று கத்தினாள். "தட் வை!"

அவருக்கு விளங்கிய கணம் எங்களுக்கும் கேட்டது. சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. பின்னால் ஒரு வயதான பெண் குரல் என்ன என்று தமிழில் கேட்டது, யாரோ விளக்க, அதுவும் சிரித்தது. கஜானி முகம் சிவக்க நின்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.

"ஐ றிமூவ் போர்ட்?" என்று கேட்டாள்.

"நோ, நோ" என்றார் அவர். "கீப் இட் அப்!"

மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தார். நாங்கள் மாமரத்தடியில் அப்படியே நின்றோம். ஒருவரும் பாயாசத்தைத் தொடவில்லை. அவர் திரும்ப அழைத்தபோதும் கஜானியே கதைத்தாள். இந்த முறை ஸ்பீக்கர் இல்லை. "யெஸ்", "ஓக்கே", "வன் நைட், யெஸ்" என்று அவளுடைய பக்கம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வருவினமாம். ஒரு இரவு மட்டும் நிப்பினமாம். மனிசிக்கு இன்னும் பயமாம். மிச்சம் ரெண்டு இரவும் ரவுனிலை ஹோட்டலாம்."

"மூண்டு எண்டவை..." மலரக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீங்கள் கதைச்சிருந்தால் தம்பி?"

"மூண்டு இரவும் வந்திருப்பினம் அக்கா."

"சேர்" என்று இர்ஷாத் காதுக்குள் சொன்னான், "உதிலை ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம்தான். பிள்ளையின் விடுதிக்காசில் கை வைத்துவிட்டு, கற்பித்தல் முறை என்று விளக்கம் சொல்ல முடியுமா? நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். நான் செய்தது சரி என்று இப்போதும் சத்தியம் செய்யமாட்டேன். அடுத்த தரமும் கையைப் பைக்குள்தான் போடுவேன் என்று மட்டும் தெரியும்.

கஜானிக்கு இந்தக் கணக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவள் வேறெங்கோ நின்றாள்.

"சேர், கீப் இட் அப் எண்டால் பலகையைக் கழட்ட வேண்டாம் எண்டோ? இல்லாட்டி என்னைத் தொடர்ந்து கதை எண்டோ?"

"ரெண்டும் வரும்."

"அவர் எதைச் சொன்னவர்?"

"நீர்தானே கதைச்சனீர்" என்றேன்.

அவள் யோசித்தாள். "ரெண்டாவதை எடுக்கிறன்" என்றாள்.

கம்பஸ் பதிவை மறுநாள் காலை இர்ஷாத்தின் மடிக்கணினியில் அவளே செய்தாள். பிறகு பெயின்ற் டப்பாவை எடுத்து ஃபிஷியின் வையை மட்டும் அழித்தாள். ஷேடியைத் தொடவில்லை; மரத்தை வெட்டினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். கனடாக்காரர் வந்து, ஒரு இரவு தூங்கி, பலகைக்குக் கீழே நின்று குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டு, சொன்னபடி ரவுனுக்குப் போனார்கள்.

கஜானி இப்போது இரண்டாம் வருடம். விடுமுறையில் வந்தால் அறைக்கு வருகிறவர்களோடு அவள்தான் கதைக்கிறாள். இன்னமும் வினைச்சொல் சில நேரம் வராது, அவள் நிற்பதில்லை. ஒழுங்கையில் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் படலையில் நின்று கேட்டுவிட்டு மலரக்காவைப் பிடிப்பார்களாம். "எந்த ரியூசன் அக்கா? எவ்வளவு காசு முடிஞ்சது?"

எங்கள் வகுப்பின் மாதக் கட்டணத்தை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"ரெண்டு றூம், ரெண்டு இரவு" என்பாராம். "இருபத்திநாலாயிரம் ரூபா."